இரண்டாவது கரண்டி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பத்தி தாண்டியதும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அது இன்னும் கேவலம். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்காகப் பேசப்போகிறேன் என்று நான் கிளம்பியது அவர்களுக்காக அல்ல. எனக்குச் சிரிக்க ஆள் தேவைப்பட்டது.

வேலையிலிருந்தும் பட்டிமன்ற மேடையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு என் நகைச்சுவைக்கு வீட்டில் மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் நான் பாதி சொல்லும்போதே சிரித்துவிடும் மனைவி, பிறகு முழுதும் கேட்டுவிட்டு "ம்" என்றாள். அப்புறம் நான் வாயைத் திறந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டினாள். டீக்கடை நண்பர்கள் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார்கள். அப்போதுதான் ஒரு ஞானோதயம். எழுந்து ஓட முடியாத நாற்பது பேர் ஒரே கூரைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நல்ல சபை எனக்கு எங்கே கிடைக்கும்?

'தன்னார்வலர்' என்ற சொல்லை உண்டாக்கியவர் என்னைப் பார்த்துத்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். தன் ஆர்வம் ஒன்றைத் தவிர என்னிடம் வேறெதுவும் கிடையாது.

இல்லம் பாளையங்கோட்டையைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பின்னால் கால்வாய், முன்னால் டவுண் பஸ் போகிற ரோடு. அங்கே வாரத்தில் இரண்டு நாள் போய்வரும் நாலைந்து பேர் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள் பழம் கொடுக்கவோ பாட்டுப் பாடவோ போகிறவர்கள் அல்ல. அங்கிருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதை மேனேஜரிடமோ பெற்ற பிள்ளைகளிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். குழாயில் வெந்நீர் வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்தமாட்டேன் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக ஆட்டோ வேண்டும், இப்படி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாத காரியம். உள்ளே இருப்பவருக்கு அதுதான் அன்றைய நாள்.

அவர்களுக்குத் தலைவி என்று யாரும் இல்லை. ஆனால் எல்லோரும் ஒருவருடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பாளையங்கோட்டையின் பழைய கிறிஸ்தவக் குடும்பம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதை ஒட்டிய வயது. அந்தக் காலத்தில் ஆள் 'ஹலோ' சொல்லும் தோரணையை வைத்தே அந்த வீட்டில் சாவா கல்யாணமா என்று சொல்லிவிடுவாராம். எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்கா. நான் அவருக்குத் தம்பி, தலை முழுக்க நரைத்த தம்பி.

முதல் நாள் நான் செய்ததைக் கேளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். பக்கத்தில் மேனேஜர். பட்டிமன்றக் குரலில், "இங்கே யாருக்காவது ஏதாவது குறை இருக்கிறதா? தயங்காமல் சொல்லுங்கள்!" என்று முழங்கினேன். ஒரு அம்மா, "ஒரு கொறையும் இல்லய்யா" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. நான் வெளியே வந்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு குறையும் இல்லியாம் அக்கா. எல்லாரும் சந்தோசமா இருக்காவ."

அக்கா குடையை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கல்யாண வீட்டுல பொண்ணோட அப்பாவப் பக்கத்துல நிப்பாட்டிக்கிட்டு, 'சாப்பாடு எப்படி இருக்கு'ன்னு பந்தியில கேட்டா எவன் தம்பி உப்பு இல்லைன்னு சொல்லுவான்?"

அத்தோடு என் முழக்கம் முடிந்தது. அக்கா 'குறை' என்ற சொல்லையே எடுக்கமாட்டார். "நேத்து காத்தாடி ஓடிச்சா?" என்பார். "இந்தத் தலகாணி எப்ப வந்தது?" என்பார். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்வதுகூட அதிகம். முயற்சி செய்தேன்.

அங்கே ஒரு அண்ணாச்சி இருந்தார். டவுணில் ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி காலமாகி, மகள் வெளிநாடு போய், கடை கைமாறி, கடைசியில் இங்கே. காலையில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் துணியைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்ப்பதில்லை. "அந்தச் சேலை ரெண்டு தண்ணிக்குத் தாங்காது" என்பார். "அந்தப் பையன் சட்டை நல்ல துணி, தைச்சவன்தான் கெடுத்துட்டான்" என்பார். ரோடு அவருக்குக் கடையின் நீட்சி.

அவரைச் சிரிக்க வைப்பது என்று நான் சபதம் எடுத்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை என் சரக்குகளை அவர் முன்னால் விரித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்பார். பிறகு சொல்வார்: "இது பழைய சரக்குவே. ஆடித் தள்ளுபடியில கூடப் போகாது."

அந்த அண்ணாச்சி இளைக்க ஆரம்பித்தார். முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. வேட்டிதான் காட்டிக் கொடுத்தது. வாழ்நாள் முழுக்க வேட்டி விற்றவருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நடக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். முன்னால் ஓட்டல் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர், கெட்டவர் இல்லை. "அண்ணாச்சி சாப்பாட்ட வேண்டாம் வேண்டாம்னு ஒதுக்குதாரு. இப்படியே போனா கீழ விழுந்துருவாரு. அடுத்த தடவ டாக்டர் வாறப்போ பாத்துட்டு மாடிக்கு மாத்திரலாம்னு இருக்கேன். மேல பக்கத்துல ஆள் இருந்து ஊட்டிவிடும்லா."

கீழ்த்தளம் நடமாடுகிறவர்களுக்கு. மாடி படுக்கையில் இருப்பவர்களுக்கு. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கிரில் கதவு உண்டு. விழுந்துவிடக் கூடாதே என்று போட்டதுதான். ஆனால் மேலே போன யாரையும் நாங்கள் மறுபடி கீழே பார்த்ததில்லை.

அக்கா அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன்.

"பசிக்கலியா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"சாப்பாடு பிடிக்கலியோ?"

"நல்லாத்தான் போடுதாவ."

"பெறவு ஏன் சாப்பிடல?"

"சாப்பிடுதனே."

"மாடிக்கு மாத்தணும்னு சொல்லுதாவ. உங்களுக்குச் சம்மதமா?"

அண்ணாச்சி ரோட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அக்காவிடம் சொல்லக் கூச்சப்பட்டதை என்னிடம் சொன்னார். "மேல இருந்து பாத்தா ரோடு தெரியாதுவே."

அவ்வளவுதான். அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்ல வேண்டுமானால் அது ஒன்றுதான்.

திரும்பும்போது அக்கா குழம்பிப் போயிருந்தார். "குரல்ல பொய்யே இல்ல தம்பி. மனுசன் உண்மையத்தான் சொல்லுதாரு. பெறவு சோறு எங்க போகுது?"

அடுத்த முறை அங்கேயே சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான் அண்ணாச்சிக்குப் பக்கத்தில். அக்கா எதிர் வரிசையில். எவர்சில்வர் தட்டு, சோறு, புளிக்குழம்பு, புடலங்காய்க் கூட்டு. குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. எனக்கு நல்ல பசி. முதல் கரண்டிச் சோறு போன இடம் தெரியவில்லை. பரிமாறுகிற அம்மா, களக்காட்டுக்காரர், மறுபடி வாளியோடு வந்தார். அண்ணாச்சி முன்னால் நின்று, "சோறு வேணுமா?" என்றார்.

அண்ணாச்சி தட்டுக்கு மேலே கையை விரித்து, அழகாகச் சிரித்து, "போதும்மா" என்றார்.

அடுத்தது நான். "வேணுமா?"

"போதும், போதும்" என்றேன் நானும், கையை விரித்து. என் ஊர் திசையன்விளை. அங்கே சித்தி வீட்டில் இப்படிச் சொன்னால் அர்த்தம் வேறு. 'இன்னும் ஒரு கரண்டி வை, நான் மரியாதை தெரிந்தவன் என்பதையும் கவனித்துக்கொள்' என்று அர்த்தம். சோறு விழும், 'ஐயோ, எதுக்கு இவ்வளவு' என்று பதறலாம் என்று உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தும் வைத்துக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாளி நாலு ஆள் தாண்டிப் போய்விட்டது. ரசம் வந்துகொண்டிருந்தது. ஊற்றிக்கொள்ளச் சோறு இல்லை. கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் 'போதும்' என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கூசாமல் உளறிய எனக்கு, ஒரு கரண்டிச் சோறு கேட்க நாக்கு எழவில்லை.

எதிரிலிருந்து அக்கா கேட்டார். "என்ன தம்பி, ஏன் அப்படி முழிக்கிய?"

"போதும்னு சொன்னேன் அக்கா."

"அதுக்கு?"

"போயிட்டாவ!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். வரிசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாளி போகப் போக ஒவ்வொரு தட்டின்மேலும் ஒரு கை விரிந்தது. ஒவ்வொரு முகத்திலும் அதே புன்னகை. போதும்மா. போதும் தாயீ. இருக்கட்டும்மா. யாருக்கும் கோபம் இல்லை, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அத்தனை பேரும் நல்ல விருந்தாளிகளாக வளர்க்கப்பட்டவர்கள். இன்னொரு தரம் உபசரிக்க வீட்டுக்காரர்தான் அங்கே இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் அந்த அம்மாவைப் பிடித்தேன். "ஏம்மா, இன்னொருக்க கேட்டா என்ன?"

"கேட்டா என் வேலை போயிரும் சார். வேண்டாம்னா விட்டுறணும், வம்பு பண்ணக் கூடாதுன்னு ஆர்டர். எனக்கென்ன தெரியாதா? எங்க ஊர்ப் பந்தியில இப்படிப் பரிமாறினா வாளியப் புடுங்கிட்டு அடிக்க வருவாவ."

அப்படி ஒரு ஆர்டரைப் போட்ட பாவி யார் என்று கேட்க நானும் அக்காவும் நேரே மேனேஜர் அறைக்குப் போனோம். நான்தான் ஆவேசமாக ஆரம்பித்தேன். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தார்.

"அந்த ஆர்டரு நீங்க சொல்லித்தான அக்கா போட்டேன்?"

முந்தின வருடம் ஒரு பணிப்பெண் யாருக்கோ தாடையைப் பிடித்து வாயில் சோற்றைத் திணித்திருக்கிறார். அக்கா அதைப் பார்த்துவிட்டு விடாமல் போராடி, 'வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்' என்று விதி கொண்டுவந்திருக்கிறார். அதற்கு எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நியாயமான விதி.

அக்கா, "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார்.

"இப்பம் மாத்தச் சொல்லுதியளா? நாளைக்கே எவளாவது வாயில திணிச்சிட்டான்னு நீங்களே வந்து நிப்பிய."

அவர் சொன்னது சரி. அதுதான் தொல்லை. எதிராளி தப்பாக இருந்தால் எனக்கு நாலு ஜோக் தோன்றும். சரியாக இருந்தால் ஒன்றும் தோன்றாது.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வந்தது, அக்கா ஏறவில்லை. நானும் நின்றுவிட்டேன். "தம்பி, அவிய சொல்லுதத அப்படியே நம்பணும். அதுதான் இந்த வேலையில நான் பிடிச்சிக்கிட்டிருக்கிற ஒரே கயிறு. 'அப்பா வாயால வேண்டாம்பாரு, மனசுக்குள்ள சம்மதம்தான்'னு சொல்லித்தான் பிள்ளைங்க வீட்ட விக்கிது, இங்கன கொண்டாந்து விடுது. நாமளும் அதையே சொன்னா அவிய வாய நாம எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"ஆனா அண்ணாச்சி பசியில இருக்காரே அக்கா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் பசியிலதான் இருக்கேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, "இந்தாங்க, ரெண்டு எடுத்துக்கோங்க" என்று நீட்டினார். நான் "பரவாயில்ல அக்கா" என்றேன். "அட, எடுங்க தம்பி" என்றார். நான் நாலு எடுத்தேன்.

என் கையில் இருந்த பிஸ்கட்டையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உங்ககிட்ட 'வேணுமா'ன்னு கேட்டேனா?"

"இல்லியே."

"கேக்கல. யாரும் கேக்க மாட்டோம். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட 'சோறு வேணுமா'ன்னு எவளாவது கேப்பாளா? 'வாங்கிக்கோங்க'ன்னுதான் சொல்லுவோம். வேணும்னு சொல்ல வேண்டிய கஷ்டத்த அவங்களுக்குக் குடுக்க மாட்டோம்."

மறுநாளே அக்கா மேனேஜரிடம் போனார். பழைய விதி அப்படியே இருக்கட்டும், யாரையும் தொடக் கூடாது, திணிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மாறுவது ஒரு சொல்தான். 'வேணுமா' என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். 'கொஞ்சம் வாங்கிக்கோங்க' என்று சொல்ல வேண்டும். 'போதும்' என்றால் கரண்டியைச் சாய்க்காமல் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். இரண்டாவது தரமும் கை விலகாவிட்டால் நகர்ந்துவிட வேண்டும். மூன்றாவது தரம் கிடையாது. டாக்டர் வருகிற வரைக்கும் இப்படிச் செய்து பார்ப்போம் என்றார். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்.

புதிய முறையின் முதல் நாள் நான் வேண்டுமென்றே அண்ணாச்சிக்கு எதிரில் உட்கார்ந்தேன். களக்காட்டு அம்மா வாளியோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை, கட்டிப்போட்ட கையை அவிழ்த்துவிட்ட மாதிரி.

"இந்தக் கரண்டி மட்டும் வாங்கிக்கோங்க அண்ணாச்சி."

"போதும்மா."

"ரசத்துக்கு வேணாமா பெறவு? கொஞ்சம்போல வாங்கிக்கோங்க."

அண்ணாச்சியின் கை விலகியது என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து இன்னொருவருக்கு இடம் விடுவது போல ஒரு ஓரமாக ஒதுங்கியது. அந்த இடைவெளியில் சோறு விழுந்தது. "அட, எதுக்கு இவ்வளவு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஜோக்கர் அழுதால் பார்க்கச் சகிக்காது.

அன்றைக்கு இல்லத்தில் சோறு பற்றவில்லை. சமையல்காரர் மறுபடி உலை வைத்துவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில்தான் பாராட்டு விழா வந்தது. எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இல்லத்து நிர்வாகம் நினைத்தது. பந்தல், மைக், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எல்லாம் உண்டு. தொகுத்து வழங்குவது நான். அக்காவுக்கு வாழ்த்து மடல் எழுதுவதும் நான். என் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதியது அதுதான். 'போதும்' என்ற சொல்லில் தொடங்கி, விரிந்த கைகளைச் சொல்லி, பிஸ்கட்டைச் சொல்லி, ஒதுங்கிய கையில் முடித்திருந்தேன். பேர் எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

அக்கா முழுக்கக் கேட்டார். "கிழிச்சிருங்க தம்பி."

"ஏன் அக்கா? நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கதுனாலதான் சொல்லுதேன். அண்ணாச்சி முன் வரிசையில இருப்பாரு."

"பேர் சொல்லலியே."

"சொல்லாட்டா? அங்க இருக்க அத்தன பேரும் கையத் தட்டுக்கு மேல வச்சவங்கதான். இதக் கேட்டபெறவு நாளைக்குக் கரண்டி வாறப்போ அவியளுக்கு விருந்துன்னா தோணும்? வைத்தியம்னு தோணும். அண்ணாச்சி தட்ட நகட்டி வச்சிட்டுப் போயிருவாரு. டாக்டர் வேற வரப்போறாரு."

ஒரு நல்ல காரியம் வெளியே சொன்னால் கெட்டுப்போகும் என்றால் அதைச் செய்தவரை எப்படிப் பாராட்டுவது? அன்று இரவு உட்கார்ந்து 'கருணைக் கடலே, அன்பின் சிகரமே' என்று ஒரு மடல் எழுதினேன். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், கடலையும் சிகரத்தையும் தவிர. அக்கா படித்துவிட்டு, "இது ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணாது" என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் மேனேஜரிடம் சொல்லிவைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விழாவன்று அண்ணாச்சி முன் வரிசையில், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில். வேட்டி இடுப்பில் நின்றது. கையால் பிடிக்கத் தேவையில்லை. சிறப்பு விருந்தினர் மேடையில் தன் முறைக்குக் காத்திருந்தார். மேனேஜர் வரவேற்புரைக்கு வந்தார். மைக்கைத் தட்டினார்.

"நம்ம அக்கா செஞ்ச ஒரு காரியத்த நான் இன்னைக்குச் சொல்லியே ஆகணும். நம்ம இல்லத்துல சாப்பாட்டு நேரத்துல, பாத்தீங்கன்னா, இந்தப் பெரியவங்க எல்லாம் பசி இருந்தாலும்..."

அக்காவைப் பார்த்தேன். கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிவிட்டார். ஜெபம் செய்தாரோ என்னவோ. எனக்கு அவ்வளவு நேரமில்லை. மேசையில் மடித்திருந்த பொன்னாடை ஒன்றை உருவி, "விழாவின் நாயகருக்கு!" என்று கத்திக்கொண்டே மேனேஜரின் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினேன். வாயையும் சேர்த்துத்தான் போர்த்தினேன். கைதட்டல். அவர் பொன்னாடையை வாயிலிருந்து இறக்கிவிட்டு, "அதான் சொல்ல வந்தேன், பசி இருந்தாலும்..." என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

"அனைவரும் எழுந்து நிற்கவும். நாட்டுப்பண்!"

மைக்செட்காரர் பழக்க தோஷத்தில் பட்டனை அமுக்கிவிட்டார்.

நம் ஊரில் நாட்டுப்பண் விழாவின் கடைசியில் வருவது. அது ஒலித்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. எல்லோரும் எழுந்தார்கள். எழ முடியாதவர்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். சிறப்பு விருந்தினர் தன் உரைக்கான தாளைக் கையில் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நின்றார். நின்று முடித்து, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போனார். என் வாழ்த்து மடல் வாசிக்கப்படவில்லை. அக்காவின் பொன்னாடை உறையைவிட்டு வெளியே வரவில்லை. யாரைப் பாராட்டக் கூட்டிய விழாவோ அவரை மேடைக்கு யாரும் அழைக்கவே இல்லை. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "உமக்குப் புத்தி இருக்காவே?" இந்தக் கேள்விக்கு என் மனைவி நெடுங்காலமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மதியம் விருந்து. தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும். அண்ணாச்சி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"ஏவே, இங்கன வாரும். மேடையில என்னத்துக்கு அந்தக் குதி குதிச்சீரு?"

"வாய் தவறிட்டு அண்ணாச்சி."

"வாய் தவறின மூஞ்சியாவே அது?" சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். "கடையில ஒருத்தன்கிட்ட 'எடுக்கீங்களா'ன்னு கேட்டா 'இல்ல, சும்மா பாக்கேன்'னுதான் சொல்லுவான். கேக்கவே கூடாது. 'இதத் தொட்டு மட்டும் பாருங்க'ன்னு விரிச்சிப் போடணும். அந்தக் களக்காட்டுப் பிள்ளைக்கு யாரோ யாவாரம் சொல்லிக் குடுத்திருக்காவ."

"அண்ணாச்சி, அது வந்து..."

"பேசாதியும்வே. எனக்குத் தெரிஞ்சிருக்கது வேற. அத மைக்குல சொல்லிக் கேக்கது வேற."

வாளி வந்தது. "சொதி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்க அண்ணாச்சி." "போதும்மா." "நல்லா இருக்கும், வாங்கிக்கோங்க." கை ஒதுங்கியது. சொதி விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, தோள் குலுங்க, சத்தம் இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். "நாட்டுப்பண்ணாம்! அந்தப் பெரிய மனுசன் மூஞ்சியப் பாத்தீரா..." என்றார். நான் இத்தனை மாதம் விரித்துப் போட்டதில் அவர் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

டாக்டர் வந்தார், பார்த்தார், கீழேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி அதற்குப் பிறகும் தினமும் ரோட்டைப் பார்த்தார். போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, கீழ்த்தளத்தில் தன் கட்டிலிலேயே காலமானார். அவருக்குக் கேட்காது, மற்றவர்கள் முன்னால் மைக்கில் சொல்லப்போவதும் இல்லை என்பதால்தான் இதை இப்போது எழுதுகிறேன். கேட்டிருந்தால் பழைய சரக்கு என்றுதான் சொல்லியிருப்பார்.

விழா முடிந்து போகும்போதே அக்கா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "மாடியில இருக்கவங்கள்ல எத்தன பேரு தம்பி 'போதும்' சொல்லியே மேல போனவங்க?" எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை இறங்கவில்லை. அந்த வாரத்திலிருந்து நாங்கள் கிரில் கதவைத் திறந்துகொண்டு மாடிக்கும் போக ஆரம்பித்தோம். அங்கே பேச முடியாதவர்கள் இருக்கிறார்கள். 'போதும்' என்பதைக் கண்ணால் சொல்கிறவர்கள், உதட்டை மூடிச் சொல்கிறவர்கள். எது போதும், எது மரியாதை என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அக்கா படிக்கிறார். நான் பல நாள் தப்பாகப் படித்துத் திட்டு வாங்குகிறேன்.

போன வாரம் அக்கா கையில் தட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். எதிரே இறங்கிய நான் படியின் நடுவில் நின்றுகொண்டு கேட்டேன்.

"அக்கா, அன்னைக்குத்தான் உங்களுக்கு ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு. இப்பம் அண்ணாச்சியும் இல்ல. நீங்க செஞ்சதப் பத்தி நாலு வார்த்த எழுதிக்கிடட்டுமா?"

"வழிய விடுங்க தம்பி, சோறு ஆறுது."